பத்துக் காகித விளக்குகள்

ஆஸ்டின் டவுன் ஞாயிறு பள்ளியில் பத்துக் கன்னிகைகள் உவமையைச் சொல்ல, சலோமி டீச்சர் பத்துச் சிறுமிகளுக்குக் காகித விளக்குகள் செய்து தந்தாள். கதைப்படி விளக்கோடு எண்ணெயும் கொண்டுவந்த ஐவர் புத்தியுள்ளவர்கள், கொண்டுவராத ஐவர் புத்தியில்லாதவர்கள்; அதனால் எண்ணெய் வைத்திருந்த ஐவரின் விளக்கில் மட்டும் மஞ்சள் காகிதச் சுடர் இருந்தது. மற்றவர்களுக்குக் கல்யாண வீட்டுக் கதவு அடைபட்டுவிடும் என்றதும், தெபோராள் தன் சுடரைப் பாதியாகக் கிழித்துத் தங்கை ரூத்திடம் நீட்டினாள்.

“கொடுக்கக் கூடாதும்மா. கதையில யாரும் கொடுக்கலையே.”

“இவ வெளியில நின்னா அழுவா டீச்சர்.”

சுடர் வைத்திருந்த மற்ற நால்வரும் கிழித்துப் பங்கிடத் தொடங்கினார்கள். கல்யாண வீட்டுக்காகச் செய்துவைத்த அட்டைக் கதவை மூடப்போன சலோமியின் கை அப்படியே நின்றது. வேதத்தைத் திருத்துவதா, பிள்ளைகளைத் திருத்துவதா? அதற்குள் பத்துப் பேரும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“டீச்சர், இப்ப புத்தியில்லாதவங்க யாரு?” என்றாள் ரூத்.

“தெரியலையேம்மா,” என்றாள் சலோமி.