உயிர்ப்பு வாரத்துக் கோதுமை

என் புருஷன் ஆர்கிரிசின் நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகு வந்த முதல் வசந்தம் அது. பாத்ராஸ் நகரில் டயர் கடை வைத்திருக்கும் மனிதன். டயருக்கு ஒட்டுப் போடுவதைப் போலத்தான் தனக்கும் போட்டிருக்கிறார்கள் என்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவனை விட்டுடு, வேணும்னா என்னை எடுத்துக்கோ" என்று சொல்லியிருந்தேன். மாதாவிடம்தான் சொன்னேனா என்று கேட்டால் தெரியாது. அந்தச் சுவரில் படம் எதுவும் இல்லை. யார் காதில் விழுந்ததோ.

ஈஸ்டர் முடிந்த வாரம் மானிக்குப் போனோம். கல் கோபுரங்களும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தத் தெற்கு முனைக்குத்தான் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் அவன். இடிந்த கோயில்களைப் பார்க்கவாம். உண்மையில் அவனுக்குக் கோயிலைவிட, புகையில் வாட்டி ஆரஞ்சுத் தோலோடு வேகவைக்கும் அந்தப் பக்கத்துப் பன்றியிறைச்சியின் மேல்தான் கண். உப்பும் கொழுப்பும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே ஒவ்வொரு சாப்பாட்டு மேசையிலும் அவன் தட்டைத் தன் பக்கம் இழுப்பான், நான் என் பக்கம் இழுப்பேன்.

"நீ பொண்டாட்டியா, போலீசா?"

"ரெண்டும்தான். பேசாம கீரையைத் தின்னு."

கடல்தேவனின் கோயில் முனைக்கு அருகில் இருக்கிறது. அதன் கற்களைப் பெயர்த்துப் பிற்காலத்தில் ஒரு மாதா கோயில் கட்டினார்கள். அதுவும் இடிந்துபோனது. உள்ளே யார் யாரோ வைத்துவிட்டுப் போன கிளிஞ்சல்கள், மெழுகுவத்தி, ஒரு குழந்தையின் செருப்பு. கீழே கடலோரம் ஒரு குகை. செத்தவர்கள் இறங்கிப் போகும் வழி என்று பழங்காலத்திலிருந்தே அதற்குப் பெயர். ஆர்கிரிஸ் வாசலில் குனிந்து, உள்ளே யாருக்காவது டயர் மாற்றவேண்டுமா என்று கூவினான். எதிரொலி வரவில்லை. குகையில் கூவினால் எதிரொலி வரவேண்டாமா என்று எனக்கு உறுத்தியது. அவனுக்கு உறுத்தவில்லை.

மேலே ஏறி வந்தபோது ஒரு கல்லின் மேல் கறுப்பு உடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு தட்டு. இறந்தவர்கள் நினைவாக நாங்கள் செய்யும் அவித்த கோதுமை, மாதுளையும் வாதுமையும் போட்டு, மேலே சர்க்கரைத் தூளை வழவழவென்று பரப்பியது.

"கிறிஸ்து உயிர்த்தார்" என்றேன். அந்த வாரத்தில் கடன்காரனிடம் சொன்னால்கூட "மெய்யாகவே உயிர்த்தார்" என்று பதில் வரும். அவள் வாய் திறக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு கரண்டி அள்ளி ஆர்கிரிசின் உள்ளங்கையில் போட்டாள். யாருக்காக என்று கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, கடவுள் மன்னிக்கட்டும் என்ற பிறகுதான் வாயில் போடவேண்டும். இந்தத் தின்னிப்பண்டாரம் கேட்டால்தானே. உப்பில்லாத பண்டம் என்பதால் நானும் விட்டுவிட்டேன். என் கையையும் நீட்டினேன். அவள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"உனக்கில்லம்மா."

நாங்கள் தங்கியிருந்த உணவகத்தின் முதலாளியம்மா கானெல்லா. மதியம் ஆர்கிரிஸ் அவளிடம் உங்கள் ஊர்க் கோதுமை பிரமாதம் என்று பாராட்டியதும், ஒயின் ஊற்றிக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. அங்கே கீழே யாரும் குடியில்லை என்றாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள். "உயிர்ப்பு வாரத்துல எவளாவது கோதுமை அவிப்பாளா?"

எனக்குச் சுரீர் என்றது. ஈஸ்டருக்கு அடுத்து வரும் தோமா ஞாயிறு கழியும்வரை எந்தச் சாமியாரும் செத்தவர்களுக்குப் பூசை வைக்கமாட்டார். இது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு எப்படி மறந்தது?

"பேரு கேட்டீங்களா?" என்றாள் கானெல்லா. ஆர்கிரிஸ் சிரித்தான். அவள் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவனுக்காகத்தான் வந்திருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். இல்லாவிட்டால் அவன் கையில் மட்டும் ஏன் போடவேண்டும்? மறுநாள் காலை அவனைக் காப்பியோடு உட்காரவைத்துவிட்டுத் தனியாக இறங்கிப் போனேன்.

அதே கல்லில் இருந்தாள். அதே தட்டு. சர்க்கரையில் நேற்று ஒரு கரண்டி அள்ளிய பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு எறும்புகூட அண்டியிருக்கவில்லை.

"யாருக்காக இது?" என்றேன். "என் புருஷனுக்கா?"

"மெல்பொமேனிக்கு" என்றாள்.

அது என் பெயர். அப்பாவின் அம்மா பெயரை எனக்கு வைத்தார்கள். ஞானஸ்நானத் தொட்டியைத் தாண்டி அந்தப் பெயர் வெளியே வந்ததில்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் நான் மெல்ப்போ. அறை எடுத்ததுகூட ஆர்கிரிஸ் பெயரில்தான்.

"நீதானே கேட்டே" என்றாள் அவள். கரண்டியின் பின்புறத்தால் அந்தப் பள்ளத்தை மெதுவாக நிரவினாள்.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. அவன் இல்லை, அவன் பெயர் இல்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இடத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எப்போது என்று கேட்டேன். அவள் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்தாள். போவதற்கு முன், முறை என்று ஒன்று இருக்கிறதே என்று, "மெல்பொமேனியைக் கடவுள் மன்னிக்கட்டும்" என்றேன். அவள் தலையசைத்தாள்.

திரும்பி வந்தால், நான் இல்லாத தைரியத்தில் ஆர்கிரிஸ் முன்னால் ஒரு தட்டுப் பன்றியிறைச்சி. வழக்கம்போலப் பிடுங்கினேன். பிடுங்கி, கொழுப்போடு முழுவதையும் நானே தின்றேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

பாத்ராஸ் திரும்பியதிலிருந்து அவனுக்குச் சமைக்கச் சொல்லித்தருகிறேன். உப்பில்லாமல் பருப்பு, எண்ணெய் குறைத்துக் கீரை. வெங்காயம் நறுக்கும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு முனகுகிறான்.

"இதெல்லாம் நான் எதுக்குக் கத்துக்கணும்? நீ எங்க போகப்போறே?"

"அடுப்பைக் குறை" என்றேன். "அடிபிடிக்குது பாரு."