சர்ச் ரோட்டில் எதிரும் புதிரும்

சர்ச் ரோட்டை ஒருவழிப் பாதையாக்கியது நான்தான். பஞ்சாயத்தின் போக்குவரத்துக் கமிட்டிக்கு நான் தலைவர். செங்கல் ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் அந்தச் சந்து வழியாக உதியன்குளங்கரை ஜங்ஷனில் வந்து இறங்கலாம். ஜங்ஷனிலிருந்து உள்ளே போகக் கூடாது, சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். முக்கில் போர்டு வைத்து, ஹோம்கார்டு சுதீஷையும் நிறுத்தினேன். "எனக்க வண்டியே வந்தாலும் விடாதலே" என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். சவடாலுக்கு அன்றைக்குக் குறைச்சல் இல்லை.

நேற்று என் மகள் ஜெஸ்னா அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் புறப்படுகிற நாள். இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. எங்கள் குடும்பத்தில் தூரப் பயணம் போகிறவர்கள் தலையில் அப்பா கைவைத்து ஜெபம் பண்ணிய பிறகுதான் வாசல் தாண்டுவார்கள். அன்றைக்கென்று பார்த்துக் கமிட்டிக் கூட்டம். மீன்கடை முன்னால் ஆட்டோ நிற்கலாமா கூடாதா என்று மதியம் வரை இழுத்தடித்தார்கள். "நீங்க வராம அவ எறங்கமாட்டா" என்று என் மனைவி சுகிர்தபாய் போனில் சொல்லியிருந்தாள். அதை நம்பிக் காரை விரட்டிக்கொண்டு வந்தேன்.

வீடு சந்துக்கு அந்தப் பக்கம், சுற்றுப் பாதையில் போனால் பிந்தும். சந்து முக்கில் காரைத் திருப்பினேன். சுதீஷ் குறுக்கே வந்து நின்றான்.

"மெம்பரே, போர்டு நீங்க வச்சதாக்கும்."

"மோளு போறா, லே. இந்த ஒரு வட்டம் மட்டும் விடு."

"உங்கள விட்டா பொறத்த நிக்குதவனையும் விடணும்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. கமிட்டிக்காரர்கள்தான் என்று நினைத்து எடுக்கவில்லை. கத்தினேன், ஒரு கட்டத்தில் கெஞ்சினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகினான்.

மெம்பர் வண்டியே போகும்போது மற்றவர்களுக்கு என்ன? பின்னாலேயே ஆட்டோக்கள் நுழைந்தன. ஒரு மீன் டெம்போ என்னையும் முந்தப் பார்த்து வலது பக்கம் ஒட்டி வந்தது. வளைவு திரும்பியதும் எதிரே ஒரு வெள்ளைக் கார். ஓட்டியது மச்சினன் மகன் அனூப். பக்கத்தில் சுகிர்தபாய். பின்சீட்டில் ஜெஸ்னா.

அவர்களுக்குப் பின்னாலும் வண்டிகள் வந்து சேர்ந்துவிட்டன. முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் போகமுடியாது. வலது கதவைத் திறந்தால் டெம்போ இடிக்கிறது. இடது பக்கம் சர்ச் மதில். அந்த இடுக்கில் ஒல்லியானவர்கள் நுழையலாம், என் தொப்பை நுழையாது.

சுகிர்தபாய் கண்ணாடியை இறக்கினாள். "ப்ளைட்டுக்கு நேரமாச்சு, வெளிய வாறோம், ஜங்ஷன்லயே நில்லுங்கன்னு சொல்லத்தானே அத்தன வட்டம் போன்ல விளிச்சோம்?"

அந்த நேரம் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சுதீஷ் ஓடி வந்தான். மெயின் ரோட்டில் ஒரு டாக்சியை மறித்து வைத்திருக்கிறானாம். ஜெஸ்னாவின் பெட்டிகளை அனூப் ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுத்தான். அவை ஆள் மாற்றி ஆளாக வண்டிகளின் கூரைமேல் நகர்ந்து வந்தன. என் தலைக்கு மேலே கூரை இரண்டு முறை அதிர்ந்தது.

ஜெஸ்னா மதிலை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து என் இடது ஜன்னலுக்கு வந்தாள். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அடுத்த சீட்டில் சாய்ந்து கையை நீட்டினேன். அவள் குனிந்தாள். விரல் நுனிதான் முடியில் பட்டது.

"நேரம் இல்லப்பா. வேகம் ஜெபத்தச் சொல்லுங்க."

"கர்த்தாவே, எனக்க பிள்ள போற வழியில..." என்று தொடங்கினேன். அதற்குள் பின்னால் ஹாரன்கள் அலறின.

"ஆமென்," என்றாள் ஜெஸ்னா. என் விரலைப் பிடித்து அழுத்திவிட்டு நகர்ந்தாள். பின்கண்ணாடியில் பார்த்தேன். ஆட்டோக்கள்தான் தெரிந்தன.

கொஞ்ச நேரத்தில் எதிர் காரில் சுகிர்தபாய் போனைக் காதில் வைத்தாள். உதடு அசைந்தது, தலை ஆடியது. டாக்சி கிளம்பிவிட்டது போல. அவள் போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

டெம்போவை எடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும் என்று யாரோ சொன்னார்கள். அதுவரைக்கும் அவள் முகத்துக்கு நேரே நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.