சந்தியாகுவுக்கு விதித்த இரண்டு தடைகள்

என் மாமனார் சந்தியாகு இறக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்திருந்தது. உத்தரவு கைக்கு வருவதற்கு முன்பே, வியாழக்கிழமை காலை, அவர் இறந்துவிட்டார்.

தென்னந்தோப்பு வழக்கில் அவருடைய தம்பி மிக்கேல் வாங்கிய தடை அது. தீர்ப்பு வரும்வரை தோப்பிலும் இரு தரப்பினரிடத்திலும் எந்த மாற்றமும் ஏற்படக் கூடாது. எங்கள் வக்கீல் கனகசபை வீட்டுக்கே வந்து விளக்கினார்.

"இருந்தவர் இல்லாமப் போறது மாற்றமா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

மாற்றம்தான் என்று ஒப்புக்கொண்டோம். மாமனாரும் ஒப்புக்கொண்டார். எந்தக் காலத்திலும் சட்டத்துக்கு அடங்கி நடந்தவர். கட்டிலிலிருந்து எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மூச்சு மட்டும் விடவில்லை. மூச்சைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை என்றார் வக்கீல்.

வெயில் ஏறியதும் ஈ மொய்க்கத் தொடங்கியது. மாமியார் ரெஜினா விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாப்ள, எதுக்கும் கோயில்ல ஒரு வார்த்த சொல்லி வைங்க. மணியாவது அடிக்கட்டும்."

பங்குச்சாமியார் பெனடிக்ட் அன்பாக வரவேற்றார். கொடியேற்றத்தன்று அண்ணனும் தம்பியும் கோயில் முற்றத்தில் அடித்துக்கொண்டதால், எங்கள் குடும்பம் ஆயர் விதித்த விலக்கில் இருந்தது. மணி கிடையாது, பூசை கிடையாது, கல்லறைத் தோட்டத்துக்குள் அனுமதி கிடையாது.

"விலக்குன்னா தண்டனைன்னு நெனைக்காதீங்க. அது மருந்து," என்றார்.

"நோய் யாருக்கு, சாமி?"

"அத ஆயர்தான் சொல்லணும். அவர் ரோமுக்குப் போயிருக்காரு."

வக்கீலிடம் இதைச் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோனார். சாகக் கூடாது என்கிறது ஒரு தடை, அடக்கம் செய்யக் கூடாது என்கிறது இன்னொன்று. இரண்டும் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன என்றார்.

மாமியார் விசிறியைக் கீழே வைத்தாள்.

"சரி. நான் அழலாமா, கூடாதா?"

வக்கீல் யோசித்தார். அழுதால் இறப்பு நடந்ததற்குச் சாட்சியாகிவிடும். நீதிமன்ற அவமதிப்பு. அதனால் அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி விசிறினாள்.

சனிக்கிழமை மிக்கேல் வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வழக்குப் போட்டதிலிருந்து இருவரும் பேசியதில்லை.

"எப்படி இருக்க, அண்ணே?"

"செத்துட்டேன்டா. ஒன் உத்தரவாலதான் உக்காந்திருக்கேன். இடுப்பு வலிக்கி."

மிக்கேல் அண்ணனுடைய கையைத் தொட்டுப் பார்த்தார். அது சில்லென்று இருந்தது.

"நான் தோப்புக்குத்தாண்ணே தட கேட்டேன். ஒன்னையும் சேத்துக் குடுத்துட்டாவ."

"நல்லாப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடணும்லா."

"ஒன்னப் பாக்காம இருந்தாப் போதும்னு அவசரத்துல போட்டுட்டேன்."

திங்கட்கிழமை மிக்கேல் வழக்கைத் திரும்பப் பெற்றார். நீதிபதி சந்தியாகுவையும் வரவழைத்து, தடை நீங்கிய பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார். இறப்பதாக உத்தேசம் என்றார் மாமனார். நீதிமன்ற வளாகத்துக்குள் வேண்டாம் என்று நீதிபதி கேட்டுக்கொண்டார். தம்பியின் தோளைப் பிடித்தபடி வீடுவரை நடந்துவந்து, கட்டிலில் படுத்து, முறைப்படி இறந்தார்.

மாமியார் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். மிக்கேல் அவளைவிடச் சத்தமாக அழுதார்.

ஆனால் விலக்கு அப்படியே இருந்தது. ஆயர் ரோமிலிருந்து திரும்பவில்லை. நாங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது.

மறுநாள் விடிந்ததும் கல்லறைத் தோட்டம் தெருவில் வந்துகொண்டிருந்தது. மதில், சிலுவைகள், வேப்பமரம், எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாப்ள, நம்ம வீட்டு கேட்ட நல்லாத் தொறந்து வைங்க. மதில்ல இடிச்சிராமப் பாத்து வரச் சொல்லுங்க."