துணைக்கு வந்தவர்

அழகுக்காக அறுவைச் சிகிச்சையை நாடி வரும் பெண்கள் பெரும்பாலும் துணையோடு வருவர். அக்காள் வருவாள், தோழி வருவாள், சில வேளைகளில் மாமியாரே வருவார். கைப்பேசியில் படங்களைச் சேர்த்து வைத்திருப்பர். மருத்துவரை மூச்சுவிட விடாமல் கேள்வி கேட்பர். ஆண்களோ தனியாக வருவர். முகக்கவசத்தைக் கழற்றாமல், வேறு யாருக்கோ விவரம் கேட்பவர்களைப் போலப் பேசுவர். எப்போது ஆபீசுக்குத் திரும்பலாம் என்ற ஒன்றைத் தவிர அவர்கள் எதையும் கேட்பதில்லை. ஔந்து பகுதியில் உள்ள ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவமனையில் ஆலோசகராகப் பணிபுரியும் நான் இவ்வேறுபாட்டை நாள்தோறும் காண்கிறேன். ஆயினும், ஆண்களுக்கு அச்சம் குறைவு என்று ஒருபோதும் எண்ணியதில்லை.

தினேஷ் ஹிஞ்சேவாடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணியாற்றுபவர். பதின்பருவம் முதலே அவருடைய மார்பு பெண்களுக்குரியதைப் போலப் பருத்திருந்தது. கோடையிலும் சட்டைக்குள் இறுக்கமான இரண்டு பனியன்களை அணிந்து காலம் கழித்தவர். அதனைச் சரிசெய்துகொள்ளவே வந்திருந்தார். மயக்க மருந்து கொடுப்பதால் உறவினர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று முன்பே கூறியிருந்தேன். சிகிச்சை நாளன்று காலையில் அவர் ஒருவரை அழைத்து வந்தார்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டேன்.

"கசின் பிரதர், வைஜயந்தி மேடம்."

"பேரு?"

"காசிம்," என்றார் வந்தவர். தினேஷ் கண்களை மூடிக்கொண்டார்.

"அம்மா வழியா, அப்பா வழியா?"

"தேஹு ரோடு வழி மேடம். நான் அங்கதான் இருக்கேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இவருக்கு எதாவது ஒத்துக்காதா?" என்று கேட்டேன்.

"ஏசி ஒத்துக்காது. வண்டியில கூட்டினா உடனே தும்முவார். அதான் நான் கம்மியா வச்சே ஓட்டுவேன்."

அவர் தினேஷின் அலுவலக வண்டியின் ஓட்டுநர் என்பது வெளிப்பட்டுவிட்டது. "டிராஃபிக்ல ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் இவர் கூடத்தான் மேடம் உட்கார்ந்திருக்கேன். எந்தத் தம்பி அப்படி உட்காருவான்?" என்று காசிம் தம் உறவை நிலைநாட்ட முயன்றார்.

நான் தினேஷை நோக்கி, "மருந்து எதாவது ஒத்துக்காதா? நீங்களே சொல்லுங்க," என்றேன்.

"இல்ல... ஒரு வலி மாத்திரைக்கு மட்டும் முகமெல்லாம் வீங்கிடுச்சு. பேரு தெரியாது. காவ்யாவுக்குத்தான் தெரியும். என் வைஃப்."

"போன வாரம் ஒண்ணும் இல்லேன்னு சொன்னீங்களே?"

"அவகிட்ட கேக்க வேண்டியிருக்கும்னுதான் சொல்லல."

பெயர் தெரியாமல் சிகிச்சையைத் தொடங்க இயலாது என்று மருத்துவர் ஷ்ரேயஸ் கூறிவிட்டார். மனைவியிடம் கேட்க வேண்டும். இல்லையேல் வீடு திரும்ப வேண்டும். தினேஷ் கைப்பேசியை எடுத்தார். மறுமுனையில் ஒலித்த குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"காவ்யா, அன்னைக்கு எனக்கு மூஞ்சி வீங்கிச்சே, அந்த மாத்திரை பேரு என்ன?"

"எதுக்கு? லோனாவலாவுல டீம் அவுட்டிங் போன இடத்துல யாரு உங்களுக்கு மாத்திரை குடுக்கறா?"

"சும்மாதான்."

"சும்மா யாராவது மாத்திரை பேரு கேப்பாங்களா? எங்க இருக்கீங்க? ஃபோனைக் காசிம் பாய்கிட்ட குடுங்க!"

காசிம் இரண்டடி பின்வாங்கினார். தினேஷ் தாழ்ந்த குரலில் உண்மையைக் கூறினார். மறுமுனையிலிருந்து "அங்கேயே இருங்க," என்று மட்டும் வந்தது.

சாங்வியில் உள்ள வீட்டிலிருந்து ஆட்டோ ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய காவ்யா, மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் தெரிவித்தாள். அத்துடன் நிற்கவில்லை. தழும்பு எங்கே விழும், இறுக்கமான உள்ளுடையை எத்தனை வாரம் அணிய வேண்டும், தொடுவுணர்வு குறையுமா, மீண்டும் பருக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். அவற்றுள் ஒன்றையேனும் தினேஷ் கேட்டதில்லை. அவர் தமக்கு நடக்கவிருப்பதை அப்போதுதான் முதன்முறையாக அறிபவரைப் போலக் கவனித்தார்.

மருத்துவர் சென்றதும் அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "என் கழுத்துத் தழும்ப எடுக்கறப்ப நான் ஊருக்கே சொன்னேன். நீங்கதான் வெளியில உட்கார்ந்திருந்தீங்க. உங்களுக்கு என்கிட்ட சொல்ல வாய் வரலயா?"

"நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

"நான் என்னைக்கு சிரிச்சேன்?"

"கோவாவுல. சட்டையோட கடல்ல எறங்கினேன். புது மாப்பிள்ளைக்கு வெக்கத்தப் பாருன்னு உன் அண்ணன்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்ச."

காவ்யாவின் முகம் மாறியது. "அது இதனாலயா?" என்றாள். அவர் ஆமென்று தலையசைத்தார். அவள், "எனக்காகன்னா வேண்டாம். வாங்க, வீட்டுக்குப் போலாம். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க," என்றாள்.

"எனக்கு வேணும்."

"சரி. அப்ப நான் இருக்கேன்."

நண்பகலில் மருத்துவர் அடையாளக் கோடுகள் வரையும் பேனாவுடன் வந்தார். நோயாளி நின்ற நிலையில், மேலாடையின்றி, விளக்கொளியில் வரையப்பட வேண்டிய கோடுகள் அவை. துணைக்கு வந்தவர்கள் வெளியே காத்திருப்பதே வழக்கம் என்பதால் காவ்யா எழுந்தாள்.

"இரு," என்றார் தினேஷ்.

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். இரண்டாவது பனியனைத் தலைவழியே இழுத்தபோது கை சிக்கிக்கொண்டது. அவள் அருகே சென்று விடுவித்தாள். பின்னர் விலகி நின்று, கண்களைத் தாழ்த்தாமல், அவரைப் பார்த்தாள்.

"வேர்வையில முதுகெல்லாம் தடிச்சுப் போயிருக்கு," என்றாள். "எத்தன வருஷமா இப்படி?"

அவர் சொல்லத் தொடங்கினார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன்.