வலது முட்டியில் அம்புக்குறி

போர்வையை விலக்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த அம்புக்குறிதான். காலையில் பெரிய டாக்டர் தன் கையால் ஊதா மையில் போட்ட குறி. தம்பியின் வலது முட்டிக்கு மேலே கொஞ்சமும் கலையாமல் அப்படியே இருந்தது. கட்டு மட்டும் இடது காலில் இருந்தது.

என் தம்பிக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. ஏணியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, வலது முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இடது காலை நம்பி ஏணி ஏறினான். "இது ராஜா, அது கூஜா" என்று இடது தொடையைத் தட்டிச் சிரிப்பான். இப்போது ராஜாவைத்தான் கிழித்துத் தைத்திருந்தார்கள்.

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள்.

பெரிய டாக்டருக்கு உதவியாக இருக்கும் சின்ன டாக்டரை வராந்தாவில் மடக்கினேன். மென்று விழுங்கி ஒவ்வொன்றாகக் கக்கினார். தம்பிக்கு முன்னால் உள்ளே போனவருக்கு இடது கால் ஆபரேஷன். விளக்கு, கருவிகள், எல்லாம் அதற்குத் தோதாக வைத்தது வைத்தபடி இருந்திருக்கிறது. அதே வேகத்தில் தம்பிக்கும் இடது காலைத் துடைத்துத் தயார் செய்துவிட்டார்கள். குறி போட்ட கால் பச்சைத் துணிக்கு அடியில் போய்விட்டது. பெரிய டாக்டர் எப்போதும் எல்லாம் தயாரான பிறகுதான் உள்ளே நுழைவாராம். துணியில் விட்ட ஓட்டை வழியாகத் தெரிகிற முட்டி மட்டும்தான் அவருக்கு நோயாளி. கத்தி வைக்கும் முன் எந்தக் கால் என்று எல்லோரும் நின்று உரக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். அதை அவர் வெளியே கை கழுவும்போதே சொல்லி முடித்துவிடுவார்களாம், அவர் நேரம் மிச்சமாகட்டும் என்று. யாரிடம் சொன்னார்கள், சுவரிடமா?

உள்ளே கேமராவை விட்டுப் பார்த்தபோது ஜவ்வு முழுசாக இருந்திருக்கிறது. அப்போதுதான் உறைத்ததாம். அதற்குள் புது ஜவ்வு செய்வதற்காகத் தொடைக்குப் பின்னாலிருந்து ஒரு தசைநாரை உருவி எடுத்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு தைத்து அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் தம்பி அப்போது விழித்துத்தான் இருந்தான். முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. மார்புக்கு மேலே திரை வேறு. மனசு கேட்காமல், "வலது கால்தானே சார்?" என்று கேட்டிருக்கிறான். பயப்படாதே என்று சொல்லி, கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தோடு இன்னொரு ஊசியைச் சேர்த்திருக்கிறார்கள். தூங்கிவிட்டான். கேட்ட கேள்விக்குத் தூக்க மருந்துதான் பதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் வார்டுக்குத் திரும்பியபோது ஒரு நர்ஸ் பஞ்சும் ஸ்பிரிட்டுமாக நின்றார். காலைச் சுத்தம் பண்ணச் சொன்னார்களாம். எந்தக் காலை என்று கேட்டேன். வலது என்றார். காயமே இல்லாத காலில் எதைத் துடைக்கச் சொன்னார்கள் என்று எனக்குப் புரியாதா? அம்புக்குறியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். இடது காலிலும் ஜவ்வு கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதையும் சரி பண்ணியாகிவிட்டது, வலதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூசாமல் சொன்னார்.

நான் கையை எடுத்தேன்.

"இது நீங்க போட்ட குறிதானே டாக்டர்? இந்தக் கால்ல ஒரு கீறல்கூட இல்லையே, ஏன்?"

தன் அறைக்கு வந்தால் விவரமாகப் பேசலாம் என்றார்.

"அங்க எதுக்கு? இங்கயே சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரருக்கு மறுநாள் ஆபரேஷன். அவர் மெல்லத் தன் போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"தப்பு நடந்துடுச்சும்மா."

"தானா நடந்துச்சா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான். நல்ல காலை வெட்டிட்டேன்."

இதைக் கேட்டால் ஆத்திரம் தணியும் என்று நினைத்திருந்தேன். தணியவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நிறைய வைத்திருந்தேன். அதுவரை பேசாமல் படுத்திருந்த தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான். எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று கேட்பதுபோல, சத்தம் போடாமல் கேட்டான்.

"அப்ப நான் எந்தக் கால்ல நின்னு ஏணி ஏறுறது, சார்?"

தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த முறை அவனைத் தூங்க வைக்க அவர் கையில் ஊசி இல்லை.