இட்லி வண்டியும் ஒன்பதாவது அலுவலகமும்

மனிதன் தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளத் தகுதி படைத்தவன். அவனுக்கு மேலதிகாரி எவரும் தேவையில்லை. இக்கொள்கையைத் தமிழுலகிற்கு எடுத்துரைக்கும் பொருட்டு, வாழ்நாளெல்லாம் ஓர் அரசு அலுவலகத்தில் மேலதிகாரியாக விளங்கி ஓய்வு பெற்ற நான், தன்னுரிமைப் பதிப்பகத்திற்கு மீண்டும் உயிரூட்டத் தீர்மானித்தேன்.

இப்பதிப்பகம் நானும் என் கல்லூரித் தோழன் பிரிட்டோவும் இளமையில் தொடங்கியது. அரசின் தலையீட்டைக் கண்டித்துச் சில சிறுநூல்களை வெளியிட்டோம். அரசு நூலகங்கள் அவற்றை வாங்காமையால் பதிப்பகம் நின்றுபோயிற்று. அரசு எங்களை ஆதரிக்க மறுப்பதைக் கண்டித்தும் ஒரு துண்டறிக்கை வெளியிட்டோம். அதிலிருந்த முரண்பாட்டை எவரும் சுட்டிக்காட்டவில்லை. ஏனெனில் அதையும் எவரும் படிக்கவில்லை.

என் முடிவை மனைவி ரமாவிடம் அறிவித்தேன்.

"தாராளமா நடத்துங்கோ. ஆனா ஒண்ணாந்தேதி வர்ற பென்ஷன் எந்தத் தடையற்ற சந்தையிலேர்ந்து வர்றதுன்னு மட்டும் யாராவது கேட்டா, என்னைக் கூப்பிடாதீங்கோ" என்றாள் அவள்.

பதிப்பகத்திற்கு முதலில் வேண்டுவது நூல் என்று பாமரர் கருதுவர். நான் முதலில் ஒரு ரப்பர் முத்திரை செய்வித்தேன். பின்னர் கிழக்குத் தாம்பரத்தில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் 'அலுவலக நேரம்: மாலை 4 முதல் 6 வரை' என்னும் பலகையை மாட்டினேன். அதன் பின்னரே நூலைத் தேடினேன்.

நூல் தானே வந்தது. சிறுசேரியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் ஜீவிதா என்னும் இளம்பெண், 'இட்லி வண்டியும் எட்டு அலுவலகங்களும்' என்ற கையெழுத்துப்படியைக் கொண்டுவந்தாள். கேளம்பாக்கம் சந்திப்பில் இட்லி விற்கும் தன் அத்தை கனகவல்லி, ஒரு தள்ளுவண்டியை நிறுத்துவதற்காக எந்தெந்த அலுவலகப் படிக்கட்டுகளில் காத்துக்கிடந்தார் என்பதே அதன் பொருள். படித்து நெஞ்சம் விம்மினேன். எங்கள் கொள்கை முழுவதும் அதில் ஆவி பறக்க இருந்தது. வேறு நூல் எதுவும் எங்களிடம் இல்லை; இதுவும் கைநழுவினால் பதிப்பகம் இரண்டாம் முறையாக இறக்கும், மூன்றாம் முறை எழுப்ப எனக்கு வயதில்லை.

ஆகவே மிகுந்த பொறுப்புடன் செயற்பட்டேன். கையெழுத்துப்படியில் முத்திரையிட்டேன். 'தங்கள் படைப்பு பரிசீலனையில் உள்ளது' என்று ஜீவிதாவுக்கு எழுதினேன். இடப்பக்கம் ஓரம் விட்டு மேலும் இரு படிகள் கேட்டேன். இறுதியாக, நூலில் தம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் ஆட்சேபணை இல்லையெனக் கனகவல்லி அம்மையார் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும் என்றும் கோரினேன். இவற்றில் ஒன்றேனும் பிழையென எனக்குத் தோன்றவில்லை. மீன் நீந்துவதைப் பிழையெனக் கருதுவதில்லை.

அம்மையார் காலை வியாபாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு பேருந்து மாறி, நண்பகலுக்கு முன்பே வந்து சேர்ந்தார். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் நான்கு மணிக்கே திறக்கும் என்பதைப் பணிவுடன் தெரிவித்தேன்.

அவர் சிறிதும் வருந்தவில்லை. "அதுக்கென்னா சார், இருக்கேன்" என்று மாடிப்படியில் அமர்ந்தார். பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியும் விசிறியும் வெளிவந்தன. ஆதார் நகல், புகைப்படம், நூல் கட்டிய பேனா ஆகியவற்றை மடியில் அடுக்கிக்கொண்டார். "போட்டோ ரெண்டு போதுமா, மூணா சார்?"

புகைப்படத்தை நான் கேட்டிருக்கவில்லை. ஆயினும், "மூன்று" என்றது என் வாய்.

ரமா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவரை உள்ளே அழைத்துச்சென்று சோறு பரிமாறினாள். எனக்குப் பரிமாறவில்லை.

மாலையில் ஜீவிதா வந்தாள். அச்சு வேலை பேச வந்திருந்த பிரிட்டோவும் உடனிருந்தான்.

"சார், என் புக்கைக் குடுங்க."

"நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்லம்மா" என்றேன்.

"எட்டு ஆபீஸ்லயும் அதையேதான் சார் சொன்னாங்க. அத்தை எட்டுலயும் இப்படித்தான் படியில உக்காந்தாங்க. உங்களது ஒன்பது."

"அவங்களாச்சும் ஃபேன் போட்டாங்க" என்றார் அம்மையார், குறை கூறும் தொனியின்றி.

பிரிட்டோ தொடையில் தட்டிச் சிரித்தான். "இன்னா மச்சான், கவர்மெண்டே கூடாதுன்னு சொல்லிகினு வூட்டுக்குள்ளயே ஒண்ணு தொறந்து வெச்சுகினு கீற! போர்டு வேற! லஞ்சம் எவ்ளோன்னு அதுலயே எய்திருந்தா ஜனங்களுக்கு ஈஸியா இருந்திருக்குமே!"

ஜீவிதா கையெழுத்துப்படியை எடுத்து அதன்மேலிருந்த முத்திரையைப் பார்த்தாள். பதிப்பகம் என் கண்முன் பைக்குள் போய்க்கொண்டிருந்தது. தடுக்கும் உரிமை எனக்கில்லை என்று நானே ஐந்து சிறுநூல்களில் நிறுவியிருந்தேன்.

"வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாம்னுதான் வந்தேன்" என்றாள். "ஆனா நீங்களே போடுங்க சார். ஒன்பதாவதா ஒரு சாப்டர் எழுதித் தரேன். அதுல நீங்க ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது."

"அதைப் பரிசீலித்து..."

"என்னது?" என்ற குரல் சமையலறையிலிருந்து வந்தது.

"சரிம்மா" என்றேன்.

நூல் வெளிவந்துவிட்டது. கேளம்பாக்கத்தில், வண்டிக்கு அருகிலேயே வெளியீடு நடந்தது. இட்லி வாங்க வந்தோர் வரிசையில் நின்றிருந்தமையால் கூட்டமும் இருந்தது. ஒன்பதாம் அத்தியாயத்தை அனைவரும் விரும்பிப் படிக்கின்றனர். எங்கள் காலனியில் என்னைக் கண்டவுடன், "போட்டோ எத்தனை சார்?" என்கின்றனர்.

அவ்வத்தியாயத்தில் ஒரு தகவற்பிழை உண்டு. என் முத்திரையின் மை நீலம் என்று ஜீவிதா எழுதியிருக்கிறாள், அது ஊதா. அச்சுக்குப் போகுமுன்பே கண்டேன். சிவப்புப் பேனா மேசைமேல்தான் இருந்தது. இரண்டு நாள் அதைப் பூட்டிவைக்குமாறு ரமாவிடம் கொடுத்தேன்.

நீலம் நீலமாகவே அச்சாகியது. படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை அரிக்கிறது.