டப்பா அன்னாசி எங்கள் வீட்டுக்குள் வராது

சம்பந்தி போனில் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"விடுமுறைக்கு எல்லாரும் வர்றோமில்ல, இனிப்புக்கு நீங்க அலைய வேண்டாம். நம்ம பேக்கரியிலருந்தே ஒரு கேக் கொண்டு வந்துடுறோம்."

அவர் நல்ல மனிதர். பேக்கரி அவருடைய மனைவி நடத்துவது. உள்நோக்கம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விருந்தாளி கொண்டுவந்ததை விருந்தாளிக்கே எடுத்துப் பரிமாறிய பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அதிலும் பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு சம்பந்தி வீட்டார் முதன்முதலாக நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்கள்.

"அதெல்லாம் வேண்டாம் சம்பந்தி. இனிப்பு எங்க கையாலதான் செய்றோம். கடைச் சரக்கே கிடையாது" என்று சொல்லி போனை வைத்தேன்.

திரும்பினால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க கையாலன்னா யார் கையால?"

"நம்ம கையாலதான்."

"பத்துப் பேருக்குச் சமையல் என் தலையில. இதுல இனிப்பும் நானா? வாக்கு குடுத்தவரு யாரோ அவரே பண்ணட்டும்."

அடுப்படியில் தண்ணீர் குடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாதவன் நான். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். மகளுக்கு போன் போட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு இருப்பதிலேயே சுலபமான ஒன்றைச் சொன்னாள். ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கீழே கேக் துண்டுகள், அதன் மேல் பழம், பழத்தின் மேல் ஜெல்லி. ஜெல்லி உறைந்ததும் கஸ்டர்ட், கடைசியில் கிரீம்.

"அடுக்கினா போதும்பா. வெளியிலருந்து பாத்தா ஒவ்வொரு வரியும் தெரியணும். அதுதான் அழகு."

அடுக்குவதா? எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல் வந்துவிட்டது. பணிக்காலம் முழுதும் கட்டட மேற்பார்வையில் இருந்தவன். செங்கல் வரிசை நூல் பிசகினால் சுவரையே இடிக்கச் சொன்னவன். இந்தக் கிண்ணம் எந்த மூலைக்கு?

மறுநாள் விடியும்போதே பழச்சந்தையில் நின்றேன். திராட்சையைக் கொத்துக் கொத்தாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஆரஞ்சைக் கையில் வைத்து எடை பார்த்தேன். மாதுளையைத் தட்டிப் பார்த்ததற்குக் கடைக்காரர், "சார், அது மாதுளை, தேங்காய் இல்ல" என்றார். அன்னாசி இருந்த தட்டின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். தங்க நிறம், அடியில் மூக்கை வைத்தால் தேன் வாசனை. மகள் டப்பா அன்னாசி வாங்கச் சொல்லியிருந்தாள். டப்பாவில் அடைத்த பழத்தைச் சம்பந்தி வீட்டுக்கு வைப்பதா? இருந்ததில் பெரியதாக ஒன்றை எடுத்துக்கொண்டு தோரணையாக வீடு திரும்பினேன்.

"டப்பா பழம்னு தெளிவா சொன்னாளே" என்றாள் மனைவி.

"அவ சின்னப் பொண்ணு. தெரியாம சொல்லிட்டா."

கேக்கை மட்டும் மனைவி சுட்டுக் கொடுத்தாள். மற்றதெல்லாம் என் பொறுப்பு. மாடியில் குடியிருக்கும் என் தம்பி, சமையலறையில் என் குரல் கேட்டு ஏதோ அசம்பாவிதம் என்று இறங்கி வந்தவன், கதவோரம் நின்றுவிட்டான். கேக்கைச் சம அளவில் அறுத்து, இடைவெளி தெரியாமல் பதித்தேன். அன்னாசித் துண்டுகளைக் கிண்ணத்தின் ஓரத்தில் நிற்கவைத்தேன். ஜெல்லியைக் கரைத்து, கரண்டியின் முதுகில் வழியவிட்டு ஊற்றினேன்.

"அண்ணா, ரசமட்டம் எடுத்துட்டு வரவா?" என்றான் தம்பி.

கேலிக்குத்தான் கேட்டான். நான் எடுத்துவரச் சொன்னேன். மட்டம் சரியா என்று பார்க்கக் கிண்ணத்தின் வாய்க்குக் குறுக்கே வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. ஃபிரிட்ஜில் அதற்கென்று ஒரு தட்டையே காலி செய்து வைத்தேன். கஸ்டர்ட் தனிப் பாத்திரத்தில் காத்திருந்தது.

விடுமுறை நாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்தேன். கிண்ணத்தை லேசாக அசைத்தேன். ஜெல்லி அலையடித்தது. கேக் துண்டுகள் பெயர்ந்து மேலே வந்து, வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் பலகைகள்போல மிதந்தன.

இன்னும் கொஞ்ச நேரம் போனால் இறுகிவிடும் என்று மூடிவைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தேன். அதே வெள்ளம். தம்பி எட்டிப் பார்த்தான்.

"கம்பி கட்டாம விட்டுட்டீங்களோ?"

மகளுக்கு போன் போட்டேன். கிளம்பிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பச்சை அன்னாசியா போட்டீங்க? வேகாத அன்னாசில ஜெல்லி உறையவே உறையாதுப்பா, டப்பால இருக்கிறது வெந்த பழம். அதுக்குத்தானே டப்பான்னு சொன்னேன். அத்தை வேற நேத்திலருந்து சம்பந்தியே இனிப்பு செய்றாராம்னு கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காங்க."

போனை வைத்தேன். என் வாக்கு போனால் போகட்டும் என்று இருந்துவிடலாமா? அந்த வீட்டில் என் மகள் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும்.

தம்பி வண்டிச் சாவியை எடுத்தான். "முக்குக் கடை திறந்திருக்கும். கண்ணாடி கிளாஸ்ல இதே மாதிரி விக்கிறான். கொண்டாந்து வச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். சாவியைக் கீழ வை."

மனைவி குழம்பை இறக்கிவைத்துவிட்டு வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கேக் பாதி மிச்சம் இருக்குல்ல? கஸ்டர்ட் அப்படியே இருக்கு. அன்னாசிய வடிச்சுக் குடுங்க, சாறோட சேத்து ரெண்டு கொதி விடுறேன். பச்சையா விட்டா கஸ்டர்டும் கசந்துரும். ஜெல்லிய மறந்துடுங்க."

"ஜெல்லி இல்லாம வரி எப்படி நிக்கும்?"

"பெரிய கிண்ணத்துல நிக்காது. சின்ன கிளாஸ்ல நிக்கும்."

அப்புறம் எங்கள் சமையலறை ஒரு கட்டட வேலையிடமாக மாறியது. மனைவி கொதித்த சாற்றைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றினாள். தம்பி திராட்சையை நறுக்கினான், பாதியைத் தின்றான். அலமாரியில் இருந்த கண்ணாடி கிளாஸ்களைத் துடைத்து வரிசையாக நிறுத்தினேன். செங்கல்லை நனைத்துத்தான் வைக்க வேண்டும். கேக்கும் அப்படித்தான் என்று புரிந்தது. சாற்றில் நனைத்து அடியில் அழுத்தினேன். மேலே கஸ்டர்ட், அதன் மேல் மஞ்சள் அன்னாசி, பிறகு கிரீம், அதன்மேல் மாதுளை முத்துக்கள். எல்லா கிளாஸிலும் ஒவ்வொரு வரியும் ஒரே உயரம். குனிந்து, ஒரு கண்ணை மூடி, வரிசை முழுவதையும் நேர்பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கடைசி கிளாஸை உள்ளே வைத்து ஃபிரிட்ஜை மூடும்போது வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சாப்பாடு அமர்க்களமாக நடந்தது. இலையெடுத்தபின் நானே தட்டில் கிளாஸ்களைக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை எழுந்தே பார்த்தார். மகளின் முகம் மலர்ந்ததைக் கண்டு என் நெஞ்சு இரண்டு அங்குலம் உயர்ந்தது.

சம்பந்தியம்மா கிளாஸைக் கையில் எடுத்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"நல்லாருக்கு. எந்தக் கடை?"

நான் வாயைத் திறக்குமுன் அவரே தொடர்ந்தார். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. இத்தனை வருஷம் இதே தொழில்ல இருக்கேன். வீட்டுல செஞ்சா வரி இப்படி நேரா வராது. இது பழகின கை."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மறைக்க ஒன்றுமில்லாத என்னைப் பொய்யன் என்று என் மேசையிலேயே சொல்லியாகிவிட்டது. கோபித்து என்ன பயன்? சமையலறைக்குப் போய், வடித்துப்போட்ட சொதசொத கேக் கிடந்த பழைய கிண்ணத்தை அப்படியே தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"கடைச் சரக்கு இல்லைங்க. கடைக்காரன் இப்படி ஒரு தப்பு பண்ணுவானா பாருங்க. பச்சை அன்னாசி மேல ஜெல்லி ஊத்தினேன்."

சம்பந்தியம்மா கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"பச்சை அன்னாசியா?"

"டப்பா பழம் எங்க வீட்டுக்குள்ள வராது."

"முதல் நாள் வேலைக்கு வர்ற ஆள்கூட இதைப் பண்ண மாட்டான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, நம்புறேன். ஆனா அந்த வரி? அது எப்படி? எனக்கு இன்னொண்ணு போட்டுக் காட்டுங்க."

அதைவிட வேறென்ன வேண்டும். துண்டை இடுப்பில் இறுக்கினேன். மிச்சமிருந்த கேக், கஸ்டர்ட், பழம் எல்லாம் மேசைக்கே வந்தன. சம்பந்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள், புருஷனை அன்றுதான் பார்ப்பவள்போல. கேக்கை நனைத்து அழுத்தினேன். கிளாஸைச் சுற்றிக்கொண்டே கஸ்டர்டை விட்டேன். வரி விழுந்ததும் மகள், "பாத்தீங்களா அத்தை" என்றாள். அந்தக் குரலுக்காக இன்னும் நூறு கிளாஸ் அடுக்கியிருப்பேன்.

"குடுங்க, அடுத்தது நான் போடுறேன்" என்று சம்பந்தியம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

போட்டார். நான் குனிந்து பார்த்தேன்.

"கொஞ்சம் சாஞ்சிருக்குங்க."

"இருக்கட்டும் சம்பந்தி. சாஞ்சாதான் வீட்டுல செஞ்சதுன்னு நம்புவாங்க."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மாதுளையை எடுக்க அந்தப் பக்கம் திரும்பியதும் ஸ்பூனின் முதுகால் அந்த வரியை நேராக்கிவிட்டேன்.